முதலில் அனுமதி, பிறகு ஆய்வு: டாஹோ தேசிய வனத்தில் இ-பைக்குக்குத் திறந்து மூடப்பட்ட பாதைகள்

இடமும் பாதைகளும்

கலிபோர்னியாவின் வட பகுதியில், சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது டாஹோ தேசிய வனம். தலைமை அலுவலகம் நெவாடா சிட்டியில். கிழக்குப் பகுதியை டிரக்கி, சியராவில் என்ற இரண்டு வனச்சரகங்கள் பார்த்துக்கொள்கின்றன. டாஹோ ஏரியைச் சுற்றியுள்ள படுகையை, தேசிய வனங்களை நடத்தும் அதே கூட்டாட்சி வனச் சேவையின் வேறொரு அலுவலகம் நிர்வகிக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வரும் பயணிகள் ஏராளம். ஒரு அலுவலகத்தின் விதி மற்றதைக் கட்டாது.

நிலமும் ஒரே துண்டாக இல்லை. 1860களில் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட்டபோது, பாதையின் இரு பக்கமும் ஒரு மைல் சதுரங்களாக நிலத்தைப் பிரித்து ஒன்று விட்டு ஒன்றை ரயில் நிறுவனத்துக்கு அரசு கொடுத்தது. அந்தச் சதுரங்கப் பலகை இன்னமும் வரைபடத்தில் தெரிகிறது. ஒரே ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் தேசிய வனம், தனியார் நிலம், நகராட்சி நிலம், மாநிலப் பூங்கா என நான்கு உரிமையாளர்களின் மண்ணைத் தொட்டுவிடலாம். மின் மோட்டார் பொருத்திய சைக்கிளான இ-பைக்குக்கு விதி எல்லைக்கு எல்லை மாறுகிறது. மண்ணில் மட்டும் எந்தக் கோடும் கிடையாது.

வனத்துக்குள் பாதைகள் மூன்று விதம். டௌனிவில் பக்கத்தில் உள்ளதைப் போல மோட்டார் சைக்கிளுக்கும் திறந்த மலைப்பாதைகள் ஒரு விதம். இவற்றில் இ-பைக் ஓட்ட எப்போதும் தடை இருந்ததில்லை. நடப்பவர், குதிரையில் வருபவர், சாதாரண மலை சைக்கிள் ஓட்டுபவர் ஆகியோருக்கான மோட்டாரில்லாப் பாதைகள் இரண்டாவது. சக்கரமே கூடாத இடங்கள் மூன்றாவது: 1964 வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் கிரானைட் சீஃப் பகுதியும், டானர் கணவாய் அருகே கடந்து செல்லும் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதையும். இ-பைக்குக்குத் திறந்து பிறகு மூடப்பட்டவை இரண்டாவது விதப் பாதைகள்தான்.

ஒரே வண்டிக்கு இரண்டு சட்டப் பெயர்

கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி இ-பைக் ஒரு சைக்கிள். 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரிப்பில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகையில் மிதித்தால்தான் மோட்டார் உதவும். மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. வந்ததும் உதவி நின்றுவிடும். இரண்டாம் வகைக்கும் அதே வேக வரம்புதான். ஆனால் ஆக்சிலரேட்டர் பிடி இருக்கும், மிதிக்காமலே ஓடும். மூன்றாம் வகை மிதித்தால் 28 மைல், 45 கி.மீ. வரை உதவும், ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், தலைக்கவசமும் கட்டாயம். மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது. 2017 முதல் ஒவ்வொரு வண்டியிலும் வகை, உச்ச உதவி வேகம், மோட்டாரின் வாட் ஆகியவற்றைச் சொல்லும் நிரந்தர வில்லை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உரிமம் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம்.

தேசிய வனத்துக்குள் நுழைந்ததும் இதே வண்டி மோட்டார் வாகனமாகிவிடுகிறது. வனச் சேவையின் 2005 பயண மேலாண்மை விதி, தானாக உந்திச் செல்லும் எதையும் மோட்டார் வாகனம் என்கிறது. ரயிலில் ஓடுவதற்கும் சக்கர நாற்காலிக்கும் மட்டுமே விலக்கு. மோட்டார் வாகனம் எந்தச் சாலையில், எந்தப் பாதையில் போகலாம் என்பதை ஒவ்வொரு வனமும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றில் வெளியிட வேண்டும். அந்த வரைபடத்தில் இல்லாத பாதை மோட்டாருக்கு மூடப்பட்ட பாதை. மூடியதாகப் பலகை நட வேண்டிய கட்டாயம் இல்லை. இதை ஓட்டுபவர்கள் அநேகமாகத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: பலகை இல்லையென்றால் போகலாம் என்று.

ஒரு பாதையை மோட்டாருக்குத் திறக்கும் முறையையும் அதே விதி வகுத்திருக்கிறது. அமெரிக்க அதிபர்கள் நிக்சன் 1972இலும் கார்ட்டர் 1977இலும் பிறப்பித்த ஆணைகளிலிருந்து வந்த நிபந்தனைகள் அவை. மண், நீர்ப்பிடிப்பு, தாவரங்கள் ஆகியவற்றுக்கு வரும் சேதத்தையும், வனவிலங்குக்கு வரும் தொந்தரவையும், மற்றப் பயனர்களோடு வரும் மோதலையும் குறைப்பதை நோக்கமாக வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுமக்களுக்கு அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி ஆய்வும் நடக்க வேண்டும்.

2019: அனுமதி

2019இல் டாஹோ தேசிய வனம் முதல் வகை இ-பைக்குகளை மோட்டாரில்லாப் பாதைகளில் 130 மைலுக்கும் அதிகமான தூரத்துக்கு, அதாவது சுமார் 210 கி.மீ.க்கு, அனுமதித்தது. முன்னறிவிப்பு இல்லை, கருத்துக்கேட்பு இல்லை, சுற்றுச்சூழல் ஆய்வும் இல்லை.

அனுமதிக்குச் சாதகமான காரணங்கள் இல்லாமல் இல்லை. முழங்கால் தேய்ந்த மூத்தவர்களும், இதய நோய்க்குப் பின் மலையேற முடியாதவர்களும் பாதைக்குத் திரும்ப இந்த வண்டி வழி செய்கிறது. சர்வதேச மலை சைக்கிள் சங்கம் 2015இல் ஆரிகனில் ஒரு கள ஆய்வு நடத்தியது. முதல் வகை இ-பைக் மண்ணைப் பெயர்க்கும் அளவு சாதாரண மலை சைக்கிளோடு ஒப்பிடத்தக்கதாகவும், மோட்டார் சைக்கிள் பெயர்ப்பது அவற்றைவிட மிக அதிகமாகவும் இருப்பதாக அது காட்டியது. வளைவிலும் ஏற்றம் மாறும் இடத்திலும் சிறு வேறுபாடு தெரிந்தது. ஒரே இடத்தில், கட்டுப்படுத்திய சூழலில் நடந்த ஆய்வு என்பதை மறக்காமல் படித்தால் அது பயனுள்ள தரவுதான். ஆனால் ஆரிகன் மண்ணில் கிடைத்த முடிவு, சியராவின் உலர்ந்த கிரானைட் பொடி மண்ணுக்கான ஆய்வுக்கு ஈடாகாது. மண்ணைத் தவிர விதி கேட்கும் மற்றக் கேள்விகளுக்கு அதில் பதிலும் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 29 அன்று அமெரிக்க உள்துறை அமைச்சர் ஆணை எண் 3376ஐப் பிறப்பித்தார். சைக்கிள் போகும் இடங்களில் இ-பைக்கையும் விடச் சொல்லும் திசையில் இருந்தது அது. (அமெரிக்காவில் உள்துறை என்பது காவல் துறையைப் பார்ப்பதல்ல, தேசியப் பூங்காக்களையும் பொது நிலங்களையும் பார்ப்பது.) வனச் சேவையோ வேளாண் துறையின் கீழ் இருக்கிறது. ஆகவே அந்த ஆணை தேசிய வனங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ‘பொது நிலத்தில் எல்லாம் இ-பைக் விட்டுவிட்டார்கள்’ என்று செய்தி பரவியபோது இந்த வேறுபாடு எவர் காதிலும் விழவில்லை.

பாதையில் உண்மையில் என்ன மாறுகிறது

இந்த விவாதத்தில் மண் அரிப்புக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட ஏற்றத்தில் ஏறும் வேகத்துக்குக் கிடைக்கவில்லை. இறக்கத்தில் இ-பைக்குக்கும் சாதாரண சைக்கிளுக்கும் வேறுபாடு குறைவு. புவியீர்ப்புதான் இரண்டையும் இழுக்கிறது. மாற்றம் முழுக்க ஏற்றத்தில் இருக்கிறது.

ஒரு கணக்கு. பையோடு 85 கிலோ எடையுள்ள ஒருவர் 14 கிலோ சைக்கிளில், 8 சதவீத ஏற்றமுள்ள மண் பாதையில், 150 வாட் உழைப்பில் மிதிக்கிறார். சக்கரம் உருளும்போது வரும் தடையை எடையில் 2.5 சதவீதம் என்றும், சங்கிலியில் போகும் இழப்பை 5 சதவீதம் என்றும் கொண்டால் வேகம் மணிக்கு 5 கி.மீ. அவரே 22 கிலோ இ-பைக்கில் ஏறி அதே 150 வாட் மிதிக்க, மோட்டார் 400 வாட் சேர்த்தால் வேகம் 17 கி.மீ.யை நெருங்கும். மூன்று மடங்குக்கும் மேல். இது 32 கி.மீ. வரம்புக்கு வெகு கீழே. சட்டம் வைத்த வேக வரம்பு சாலையில் பயன்படும். ஒற்றையடி ஏற்றத்தில் அது வேலைக்கே வருவதில்லை. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டாரின் திறன். அதிலும் பெயர்ப்பலகைத் திறன் ஏமாற்றும்: ஐரோப்பிய விதிக்காக 250 வாட் என்று குறிக்கப்படும் மலை இ-பைக் மோட்டார்கள் சிறிது நேரத்துக்கு 600 வாட் வரை தரக்கூடியவை.

எதிரே ஒருவர் 25 கி.மீ. வேகத்தில் இறங்கி வருகிறார் என்று வைப்போம். சாதாரண சைக்கிள் ஏறினால் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் நொடிக்கு 8.3 மீட்டர் குறையும். இ-பைக் ஏறினால் 11.7 மீட்டர். கண்டுணர 1.5 நொடி, பிறகு தளர்ந்த மண்ணில் ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு 4 மீட்டர் குறைக்கும் பிரேக். முதல் சூழலில் இருவரும் நிற்கச் சுமார் 19 மீட்டர் போதும். இரண்டாவதில் 26 மீட்டர் வேண்டும். புதர் மறைக்கும் வளைவில் பார்வைத் தூரம் 20 மீட்டர் என்றால் பழைய போக்குவரத்துக்கு அது சரியாக இருந்தது, புதியதற்குப் போதாது. பாதை மாறவில்லை, அதன் வடிவமைப்புக் கணக்கு மாறிவிட்டது.

குதிரை விஷயம் தனி. இறங்குபவர் ஏறுபவருக்கும், சைக்கிள்காரர் நடப்பவருக்கும், எல்லோரும் குதிரைக்கும் வழிவிடுவது இந்தப் பாதைகளின் வழக்கம். குதிரை இரை விலங்கு. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வேகமாக நெருங்கும் எதையும் அது வேட்டை மிருகமாகவே எடுத்துக்கொள்ளும். இறக்கத்தில் வரும் சைக்கிளைக் குதிரைக்காரர் எதிர்பார்ப்பார். ஏற்றத்தில், பின்னால், அதுவும் 17 கி.மீ. வேகத்தில் வருவதை எதிர்பார்க்க மாட்டார். 2019 அனுமதியை எதிர்த்துப் பின்னர் வழக்குக்குப் போனவர்களில் குதிரைக்காரர்களே அதிகம் இருந்ததற்கு இந்த நடைமுறைக் காரணம் உண்டு. அதை வெறும் பழமைப்பிடிப்பு என்று ஒதுக்கியது இ-பைக் ஆதரவாளர்கள் செய்த பிழை.

இன்னொரு மாற்றம் எட்டும் தூரம். 500 முதல் 630 வாட்-மணி பேட்டரியோடு சராசரி உடல் திறன் உள்ளவர்கூட ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம். வலுவான சிலர் மட்டுமே எட்டிய உட்பகுதிகளுக்குப் பலர் போகத் தொடங்குவார்கள். நல்லதா கெட்டதா என்பது ஒருபுறம் இருக்க, வனவிலங்குத் தொந்தரவை மதிப்பிடும்போது எண்ணிக்கையில் வரவேண்டிய விஷயம் இது.

வழக்கும் பின்வாங்கலும்

2019 அக்டோபரில் வழக்கு தொடரப்பட்டது. நாடளாவிய ஒரு வனாந்தரப் பாதுகாப்பு அமைப்பு, உட்காட்டுப் பாதைகளில் குதிரையோட்டுபவர்களின் தேசிய, மாநில, உள்ளூர் அமைப்புகள், நெவாடா சிட்டி வட்டாரப் பாதைப் பராமரிப்புக் குழு, உள்ளூர் வன ஆர்வலர் குழு ஆகியவை வாதிகள். இ-பைக் எங்கும் கூடாது என்பதல்ல அவர்கள் வாதம். மோட்டார் வாகனத்தை மோட்டாரில்லாப் பாதையில் விடுவதானால் பயண மேலாண்மை விதி சொல்லும் படிகளையும் சுற்றுச்சூழல் ஆய்வையும் முடித்துவிட்டு விட வேண்டும் என்பதுதான்.

வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. வன நிர்வாகம் அனுமதியைத் திரும்பப் பெற்றது. முதல் வகை உட்பட எல்லா இ-பைக்குகளும் மோட்டார் அனுமதி உள்ள சாலைகளுக்கும் பாதைகளுக்கும் திரும்பின.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அனுமதியை நம்பி வண்டி வாங்கியவர்கள், அடுத்த பருவத்தில் அதே பாதையில் சட்டத்தை மீறியவர்கள் ஆனார்கள். நேற்றுச் சரி என்றதை இன்று தவறு என்று பாதையில் நின்று சொல்ல வேண்டிய நிலை சரக ஊழியர்களுக்கு. குதிரைக்காரர்களுக்கோ நிர்வாகத்தின் மீதிருந்த நம்பிக்கை குறைந்தது. பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. இந்த மூன்றையும் சரிசெய்ய ஆண்டுகள் பிடிக்கும்.

இது ஒரு வனத்தின் தனிப்பிழை அல்ல. உள்துறை ஆணையை ஒட்டித் தேசியப் பூங்காச் சேவை கொண்டுவந்த இ-பைக் விதியிலும் இதே ஓட்டை இருந்தது. 2022 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம், விரிவான ஆய்வு தேவையில்லை என்ற விலக்கைப் பூங்காச் சேவை பயன்படுத்திய முறை சட்டப்படி சரியல்ல என்று சொன்னது. விதியை ரத்து செய்யாமல், ஆய்வை முறையாகச் செய்யும்படி திருப்பி அனுப்பியது. அனுமதி முதலில், ஆய்வு பிறகு என்ற அதே வரிசைதான் அங்கேயும் சிக்கலானது.

2020 முதல் 2023 வரை

வனச் சேவை 2020 செப்டம்பரில் தன் உள் வழிகாட்டு நெறிகளுக்கான திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 2022 மார்ச் 31 அன்று இறுதி வடிவம் வந்தது. இ-பைக் மோட்டார் வாகனமே என்ற நிலையில் மாற்றம் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் பாதைக்கும் மோட்டாரில்லாப் பாதைக்கும் இடையில் புதிய ஒரு வகை கிடைத்தது: வகை குறிப்பிட்டு, இ-பைக்குக்கு மட்டும் திறந்த பாதை. இது சிறிய விஷயமல்ல. அதற்கு முன் ஒரு பாதையை மோட்டாருக்குத் திறப்பது என்றாலே மோட்டார் சைக்கிளையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. அந்தப் பயமே பல இடங்களில் பேச்சைத் தொடங்க விடாமல் செய்தது.

டாஹோ தேசிய வனம் இரண்டாம் முறை கிழக்குப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இ-பைக் அனுமதியைத் தனியாகக் கொண்டுவராமல், புதிய பாதைகள் அமைப்பது, அரித்துப் போகும் பழைய பாதைகளை மாற்றுவது ஆகியவற்றோடு ஒரே திட்டமாக்கி, சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கும் கருத்துக்கேட்புக்கும் வைத்தது. 2023இல் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே இருந்த மோட்டாரில்லாப் பாதைகளில் சுமார் 35 மைல், அதாவது 56 கி.மீ., முதல் வகை இ-பைக்குக்குத் திறக்க முடிவானது. புதிதாக அமையும் பாதைகளிலும் இடம் ஒதுக்கப்பட்டது.

பாதை அமைப்போடு சேர்த்தது சரியான முடிவு என்றே கருதுகிறோம். இ-பைக்கால் மாறும் பார்வைத் தூரக் கணக்கைப் பழைய பாதையில் திருத்துவது கடினம். புதிய பாதையில் வரைபடத்திலேயே வளைவை அகலமாக்கலாம், ஏறவும் இறங்கவும் தனித் தடம் விடலாம், குதிரைப் பாதையோடு சேரும் இடத்தைத் திறந்த வெளிக்கு நகர்த்தலாம்.

மறுபடி செய்வதானால்

அனுமதிப் பட்டியல் போடும் முன் ஒவ்வொரு பாதைக்கும் மூன்று ஆவணங்கள் மேசைக்கு வர வேண்டும். ஒன்று, நில உரிமை வரைபடம். சதுரங்க எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்த உரிமையாளரின் எழுத்துப்பூர்வ நிலைப்பாடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு, பாதை எந்த நிதியில் அமைந்தது என்ற பதிவு. கூட்டாட்சிப் பொழுதுபோக்குப் பாதை நிதியில் 30 சதவீதம் மோட்டார் பயன்பாட்டுக்கும் 30 சதவீதம் மோட்டாரில்லாப் பயன்பாட்டுக்கும் 40 சதவீதம் பல்வகைப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கப்படுகிறது. எந்தப் பங்கில் அமைந்த பாதை என்பதை முன்பே பார்த்துவிட்டால் பிறகு தகராறு வராது. மூன்று, பார்வைத் தூர அளவீடு. பாதை நெடுக நடந்து, கண் மட்டத்தில் 26 மீட்டருக்குக் குறைவாகத் தெரியும் ஒவ்வொரு வளைவையும் குறித்து, புதர் வெட்டுவதா, வேகம் குறையும்படி பாறை வைத்துக் குறுக்குவதா, ஒருவழியாக்குவதா என்று எழுத வேண்டும். இரண்டு பேர், ஒரு அளவு நாடா. ஒரு நாளில் பத்து கி.மீ. முடிக்கலாம்.

அடுத்தது, திறப்பதற்கு முந்தைய அளவீடு. ஒரு பருவம் முழுக்க வார நாள், விடுமுறை நாள் எனப் பிரித்து ஆள் எண்ணிக்கையும், தேர்ந்த சில இடங்களில் ஏற்ற வேகமும், பாதையின் குறுக்கு வெட்டு அளவும் எடுத்து வைக்க வேண்டும். 2019இல் இது இருந்திருந்தால், சேதம் உண்டு என்றவருக்கும் இல்லை என்றவருக்கும் காட்ட ஒரே எண் இருந்திருக்கும்.

சோதனை முறையையும் விதியோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். வில்லையைப் படிப்பது முதல் படி. அது இல்லாத வண்டியை முதல் வகையாக ஏற்கக் கூடாது. பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைத் தொடாமல் பிடியைத் திருகியோ விரலால் அழுத்தியோ பார்க்கலாம். சக்கரம் வேகமாகச் சுழன்றால் அது முதல் வகை அல்ல. இங்கே ஒரு பொறி உண்டு. பல முதல் வகை வண்டிகளில் தள்ளிக்கொண்டு நடக்க உதவும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினாலும் சக்கரம் மிதிக்காமலே சுழலும், ஆனால் 6 கி.மீ.யைத் தாண்டாது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியாத் திருத்தம் இதை விலக்காகவே வைத்திருக்கிறது. நடை வேகத்தில் சுழல்வதைப் பார்த்து அபராதம் எழுதினால் அது நிற்காது. வேக வரம்பை நீக்கிய வண்டியைப் பாதையில் வைத்துக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம்: சக்கரத்தின் வேகத்தைக் குறைத்துக் காட்டும் சிறு கருவி மோட்டார் உறைக்குள் மறைந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே வகையை மட்டும் நம்பி விதி எழுதாமல், நெரிசலான ஏற்றங்களில் எல்லாச் சைக்கிளுக்கும் பொதுவான வேகக் கட்டுப்பாட்டைப் பாதையின் வடிவத்திலேயே வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

கடைசியாகப் பலகை. வரைபடமே சட்டம், பலகை தேவையில்லை என்பது நீதிமன்றத்தில் நிற்கும்; பாதையில் நிற்பவருக்குப் பயன்படாது. தொடக்க இடத்தில் ஒன்று போதாது. இ-பைக் அனுமதி முடியும் ஒவ்வொரு சந்திப்பிலும், திரும்பிப் போகும் வழியைக் காட்டும் அம்புக்குறியோடு ஒரு கம்பம் வேண்டும். ஏறி வருபவர் 22 கிலோ வண்டியைத் திருப்ப முடிகிற சமதளத்தில், எல்லைக்குக் குறைந்தது 30 மீட்டர் முன்பாக அதை நட வேண்டும்.